பலம் என்று நான் சொன்னது

ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எல்லாரும் நாலா மடிங்க" என்றார் சின்ன மேடம். கேன்டீனில் என்னையும் சேர்த்து நாற்பத்தொன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். மடித்து முடித்த பிறகு பார்த்தால் ஒருத்தி தாளிலும் நாலு கட்டம் இல்லை. அத்தனை பேரும் ஓரங்களை உள்ளே தள்ளி, எட்டு மடிப்பாக மடித்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, முன்னால் அடுக்கி வைத்திருந்தோம். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி செய்கிற ஒரு கம்பெனியின் மடிப்புப் பிரிவு நாங்கள். ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் ஒற்றுகிற சல்லாத்துணியை நாள் முழுக்க மடிக்கிற கை, தாளைக் கொடுத்தாலும் அப்படித்தான் மடிக்கும். மேடம் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அந்த நேரம் வரைக்கும் யாருக்கும் யார்மீதும் பயம் இல்லை.

நான் அந்தப் பிரிவின் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் போய் வருகிறவள். பதினாறு வருடம் மேசையில் உட்கார்ந்து மடித்தேன். ஆறு வருடமாக நின்றுகொண்டு மற்றவர்களை மேய்க்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். எங்கள் அத்தா உயிரோடு இருந்தபோது, "இவளுக்கு அல்லா அறிவ நாக்கு நுனியில வச்சுட்டான், அதான் வாயத் தொறந்தா கீழ விழுந்துருது" என்பார். பெற்ற தகப்பன் வாக்கு பொய்க்குமா?

சின்ன மேடம் என்பது முதலாளியின் ஒரே மகள். கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வந்த முதல் மாதமே எங்களுக்குக் கூடுதலாக இரண்டு கழிப்பறை கட்ட வைத்தவர். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு இத்தனை கஷ்டம் இல்லை; நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்பேன்.

எங்களிடம் வருஷக்கணக்காகச் சரக்கு எடுத்த வெளியூர் வியாபாரி ஒருவர், மெஷினில் மடித்த சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தப் பக்கம் போய்விட்டார். அதில்தான் மேடத்துக்குக் கவலை பிடித்தது. அடுத்த மூன்று வருடத்துக்குக் கம்பெனி எந்தத் திசையில் போக வேண்டும் என்று திட்டம் போடப்போவதாகவும், அதற்கு முதல்படி ஸ்வாட் என்றும் சொன்னார். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு. முதல் இரண்டும் நமக்குள் இருப்பவை. அடுத்த இரண்டும் வெளியிலிருந்து வருபவை. முதலாளியும் மேனேஜரும் மட்டும் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதினால் அது பாதி உண்மைதான், வேலை செய்கிறவர்கள் சொல்வதுதான் முழு உண்மை என்றார். கேட்க நன்றாக இருந்தது. எங்களை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

மேலே போவதற்கு முன்னால் என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். நானும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் எழுந்து சூப்பர்வைசர் ஆனேன், அவள் மூன்றாவது மேசையிலேயே இருந்தாள். அவள் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர். சர்க்கரை வியாதி முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டைக் காட்டினால் பைசா வாங்காமல் செய்வார்கள். கார்டு இருக்க வேண்டும் என்றால் வேலை இருக்க வேண்டும். வேலை இருக்க வேண்டும் என்றால் வாரத்தில் இரண்டு நாள் லீவு போடக் கூடாது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஊசி எடுத்ததும் சில நாள் மயங்கி விழுந்துவிடுவார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.

இந்த முடிச்சை அவிழ்த்தது எங்கள் பிரிவின் ஒரு பழைய வழக்கம். 'இலை போடுவது' என்று அதற்குப் பெயர். பந்தியில் ஒருத்தர் கைகழுவப் போயிருந்தால் அவருக்கும் சேர்த்து இலை போட்டு வைக்கிறோம் அல்லவா, அதுதான். மேசைக்கு ஆறு பேர். சாயந்திரம் எண்ணிக்கை எடுப்பது ஆள்வாரியாக அல்ல, மேசைவாரியாக. ஒருத்தி இல்லாத நாளில் அவள் இடத்தில் ஒரு வெட்டுத்துணியை விரித்துவைப்பார்கள். மற்ற ஐந்து பேரும் கையை விரசலாக ஓட்டி, தங்கள் பங்கு போக அதிலும் மடித்துப் போடுவார்கள். மூத்திரம் போகக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். சாயந்திரம் மேசைக் கணக்கு சரியாக இருக்கும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல், குடித்துவிட்டுப் புருஷன் மண்டையை உடைத்தது என்று எல்லாருக்கும் எப்போதாவது இலை விழுந்திருக்கிறது. எனக்கும் விழுந்திருக்கிறது. யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

என் சிநேகிதி செவ்வாயும் வெள்ளியும் காலையில் வந்து வருகைப் பதிவு மெஷினில் விரல் வைப்பாள். அரைமணி மடிப்பாள். பிறகு கழிவுத்துணி வண்டி போகிற பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நாலு மணிக்குத் திரும்பி வந்து மிச்ச நேரம் மடித்து, சாயந்திரம் விரல் வைத்துவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். வாட்ச்மேனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். நாற்பத்தெட்டுப் பேருக்கும் தெரியும். முதலாளி வீட்டுக்கு மட்டும் தெரியாது. தப்பு என்றால் தப்புதான். அந்தத் தப்பில் ஒரு மனுஷன் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார்.

இனி ஸ்வாட்டுக்கு வருகிறேன். அது ஒரு புதன்கிழமை, அதனால் அவளும் இருந்தாள். சுவரில் நாலு நிறத்தில் நாலு பெரிய தாள் ஒட்டியிருந்தது. மனதில் பட்டதைச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும், பேர் போட வேண்டாம் என்றார் மேடம். பலவீனத்துக்குச் சீட்டு போதவில்லை. ஃபேன் சுற்றவில்லை, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, ஸ்டூல் ஆடுகிறது, துணியில் கஞ்சி வாடை என்று ஒட்டித் தள்ளிவிட்டார்கள். அச்சுறுத்தலில் "மெஷின்" என்று ஒரே சொல்லை ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். வாய்ப்பில் ஒருத்தி, "நாட்டில் வியாதி பெருகி வருகிறது" என்று எழுதியிருந்தாள்.

பலம் என்ற பச்சைத் தாள் மட்டும் மொட்டையாக இருந்தது. ஒரு சீட்டு இல்லை. மேடம் இரண்டு முறை கேட்டார், மூன்று முறை கேட்டார். எங்கள் பெண்கள் முகத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று வளர்ந்தவர்கள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்றுகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "என்னத்தத் திங்கான், கொறிக்கான்" என்றுதான் சொல்வார்கள். அவர்களைப் போய் உங்கள் பலத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றால் எப்படி ஒட்டுவார்கள்? அந்தக் கூச்சத்தில் எத்தனை புத்தி இருந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்போது, பின்னால் தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்த கோடவுன் மேனேஜர் வாயைத் திறந்தார். "மடிப்புல என்ன மேடம் பலம் இருக்கு? காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் கையவிட வாய்தான் அதிகமா வேல செய்யுது" என்றார். அவருடைய லோடு ஆட்கள் சிரித்தார்கள்.

நோன்பு மாதம். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நோன்பு என்றால் வயிற்றை மட்டும் கட்டினால் போதாது, நாக்கையும் கட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லித்தான் வளர்த்தார்கள். சுருக்கென்று எழுந்தேன். பக்கத்தில் இருந்த என் சிநேகிதி முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காருட்டி" என்றாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"சார், ஒம்ம கோடவுன்ல ஒரு ஆளு வரலேன்னா லோடு அப்படியே கெடக்கும். எங்க மேசையில ஒருத்தி வரலேன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சு பேரு ஆறு பேரு வேலைய முடிச்சு வச்சிருப்போம். இத்தன வருஷத்துல எங்களால ஒரு லாரி நின்னுருக்கா? மேடம், அத எழுதுங்க. அதாம் எங்க பலம்."

"சூப்பர்க்கா! இதத்தான் நான் தேடிட்டு இருந்தேன்" என்றார் மேடம். அவரே எழுதினார். ஐந்து பேர் ஆறு பேர் வேலையைச் செய்கிறார்கள். பச்சைத் தாளில் பெரிய பெரிய எழுத்து. கோடவுன் மேனேஜர் முகம் தொங்கிப்போனது. எனக்கு அந்த வெயிலிலும் உள்ளே குளுகுளு என்று இருந்தது. எங்கள் பெண்கள் ஒருத்தரும் கைதட்டவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் பஸ்ஸில் சிநேகிதி இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி, அஞ்சு பேரு போதும்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்துருக்க."

"போட்டி. அவிய அப்படி நெனைக்க மாட்டாவ. படிச்ச பிள்ள."

"படிச்ச பிள்ளைக்குத்தாம்ட்டி கூட்டிக் கழிக்கத் தெரியும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெட்டது.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாலு தாளையும் எழுதி முடித்தால் ஸ்வாட் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறதாம். பலத்தை ஒரு பக்கமும் அச்சுறுத்தலை ஒரு பக்கமும் வைத்து, இதைக் கொண்டு அதை எப்படிச் சமாளிப்பது என்று பார்க்க வேண்டும். அதுதான் திட்டம். அச்சான ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அச்சுறுத்தல் என்ற இடத்தில், மெஷின் சரக்கின் மலிவு விலை. பலம் என்ற இடத்தில் நான் சொன்ன வாக்கியம். அந்த இரண்டையும் ஒரு அம்புக்குறி சேர்த்தது. அம்பு போய் நின்ற கட்டத்தில், 'மேசைக்கு ஐந்து பேர்' என்று இருந்தது.

எட்டு மேசை. எட்டுப் பேர் போக வேண்டும். "கணக்குப் போட்டுப் பாத்தேன்க்கா. இப்படிச் செஞ்சா நம்ம விலையும் கொறையும், கம்பெனியும் நிக்கும், மத்த நாப்பது பேர் வேலையும் தப்பிக்கும். நீங்க சொல்லலைன்னா இந்த ஐடியாவே வந்திருக்காது" என்றார். உண்மையிலேயே நன்றி சொன்னார். யார் அந்த எட்டுப் பேர் என்று மாதக் கடைசிக்குள் நானே எழுதித் தர வேண்டும் என்றார். என்னை விட அவர்களைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அடுத்தவர்கள் காசில் வைத்திருந்தேன். அறையை விட்டு வெளியே வந்தபோது எட்டு மேசையும் மடித்துக்கொண்டிருந்தன. எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை.

அன்று பஸ்ஸில் சிநேகிதியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எட்டுல நான் இருக்கனா?"

"நான் எட்டையும் எழுத மாட்டேன். மேடத்துட்ட போயி உண்மையச் சொல்லிரலாம்னு பாக்கேன். தெனமும் அஞ்சு பேரு ஆறு பேரு வேல செய்ய முடியாது, இலை போட்டாத்தான் முடியும்னு சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாவ."

"யாருக்கு இலைன்னு கேட்டா?"

நான் பஸ் டிக்கெட்டை எட்டாக மடித்தேன்.

"ஏட்டி, ஒரு வார்த்த கேளு" என்றாள். "நீ ஒண்ணும் சொல்லாத. லிஸ்ட எழுதிக் குடு. என்னைய மட்டும் விட்டுரு."

"எட்டுப் பேரு வயித்துல அடிக்கச் சொல்லுதியா?"

"ஆமா" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் தனக்காக என்று என்னிடம் ஒன்று கேட்டது அதுதான். எனக்குக் கோபம் வந்தது. நியாயம் பேசுகிறவளுக்கு வருகிற கோபம். அதைப் போல் ஆபத்தானது உலகத்தில் இல்லை. இவ்வளவு சுயநலமா என்று நினைத்தேன். நினைத்ததை நாகரிகமாக மறைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் லிஸ்ட் எழுதப் பார்த்தேன். ஒரு பேர் எழுதினால் அவள் வீடு கண் முன்னால் வந்தது. ஒருத்திக்குப் புருஷன் இல்லை, ஒருத்திக்கு இருந்தும் இல்லை. ஒருத்தி சுந்தரபாண்டியத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், மூன்று பெண் பிள்ளைகள். அடித்து அடித்துத் தாள் கிழிந்ததுதான் மிச்சம். நாலாவது நாள், சிநேகிதியிடம் சொல்லாமல், மேடத்தின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பேர் ஆறு பேர் வேலை செய்வது கைப்பலத்தால் இல்லை, இன்னாருக்காக என்று தெரிந்து செய்வதால் என்றேன். இன்றைக்கு அவளுக்குப் போட்டால் நாளைக்கு எனக்கு விழும் என்ற தைரியத்தால் என்றேன். வருஷம் முழுக்க ஆளே இல்லாத இடத்துக்கு அப்படி மடிக்க மாட்டார்கள், மடித்தால் விரல் போய்விடும் என்றேன். மேடம் பேனாவை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். உதாரணம் சொன்னால்தான் புரியும் என்று தோன்றியது. புருஷனுக்கு டயாலிசிஸ், செவ்வாய், வெள்ளி, பின்வாசல், நாலு மணி. பேரை மட்டும் விழுங்கிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதேக்கா" என்றார். "நான் அப்பாகிட்ட பேசறேன்." அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிஷம் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

முதலாளி வந்தார். இரண்டு பேரும் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு அது விளங்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மகள் சொன்னதை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். விரலை வைத்துவிட்டு வெளியே போனாளா? ஆமாம், ஆனால், என்று மகள் ஆரம்பித்தார். அப்படியென்றால் அனுப்பிவிடு என்றார் அவர். மகள் இன்னொரு முறை பேசிப் பார்த்தார். ஒருத்தியை விட்டால் நாளைக்கு எல்லாரும் போவார்கள் என்றார் முதலாளி. அவள் இல்லாத நாளில் சரக்கு குறைந்ததா என்று கேட்டார். குறையவில்லை என்றார் மகள். அவரும் உண்மையைத்தான் சொன்னார். அப்புறம் என்ன, ஐந்து பேர் போதும் என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போய்விட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது பின்வாசல் பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மேசைக்கு வந்து டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். நான் ரெண்டு அடி தள்ளித்தான் நின்றேன். என்னைப் பார்க்கவே இல்லை. அன்று சாயந்திரம் வேண்டும் என்றே எங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். முன் பஸ்ஸில் அவளும் அவரும் போயிருப்பார்கள்.

வைகாசி பிறந்ததும் இன்னும் ஏழு பேர் போனார்கள். அந்த ஏழு பேரையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒன்று போக மிச்சம் ஏழு. சுந்தரபாண்டியத்துக்காரி அதில் உண்டு. யாரையும் காப்பாற்றவில்லை; சிநேகிதியை மட்டும் முதலில் தள்ளிவிட்டு, பிறகு மற்றவர்களைத் தள்ளினேன். அவள் சொன்னபடி கேட்டிருந்தால் அவளாவது மிஞ்சியிருப்பாள். இந்தக் கணக்கை எத்தனை தரம் போட்டாலும் விடை மாறவில்லை.

போனவர்களுக்கு என்மேல் கோபம் இல்லை என்பதுதான் இன்னும் கொடுமை. அவள் பின்வாசல் வழியாகப் போனதால்தான் முதலாளிக்குச் சந்தேகம் வந்து எல்லாருக்கும் வேலை போனது என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அவள் வீட்டு வாசலில் போய் இரண்டு பேர் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போய் அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை. உண்மை பேசுகிற நோய் அதற்குள் எனக்குக் குணமாகிவிட்டது.

மேசையில் இப்போது ஐந்து பேர். இலை கிடையாது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் லீவு, சம்பளம் பிடித்தம். தலைக்கு மேல் கேமரா. சரக்கு குறைந்தது, லாரி ஒன்றிரண்டு முறை நின்றது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "என்னாச்சுக்கா, நம்ம பலமே அதுதானே?" என்று கேட்டார். "மேடம், அது ஆளுக்காகப் போட்டது. ஆளே இல்லாத எடத்துக்கு யாரு போடுவா?" என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார். பலவீனம் என்ற பக்கத்தில். என்னைக் கேட்டால் அந்த நாலு கட்டத்தோடு ஐந்தாவதாக ஒன்று வேண்டும், வெளியே சொல்லக் கூடாதது என்று. அதை யாரும் நிரப்பாமல் விட்டுவிட வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை.

நானும் வேலையை விடவில்லை. இரண்டு முறை ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மகன் கல்லூரியில் மூன்றாம் வருடம். கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது.

ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்துக்குள் நடந்து வந்தேன். பால்கோவாக் கடை ஒன்றின் ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவர், ஸ்டூலில். அவருடைய கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் வெறும் காலாக இருந்தார். விலகிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, எளைச்சுப்போயிட்டியே" என்றாள். எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினாள். அந்தக் கடையில்தான் இப்போது பாக்கெட் போடுகிறாளாம். தினக்கூலி. இ.எஸ்.ஐ. எல்லாம் கிடையாது. டயாலிசிஸ் அன்றைக்குக் கூலி இல்லை.

"என்மேல கோவமாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

"கோவப்பட எங்கட்டி நேரம்?" என்றாள். "பழைய கார்டு மார்கழி பாதி வரைக்கும் ஓடுமாம். பொறவு மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும், இங்கன கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எடம் இல்லைங்காவ. மதுரைக்கு இவிய ஒடம்பு தாங்காது, ஒரு தரம் கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டேன், பாதி வழியிலயே கண்ணு சொருகிட்டு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குள்ள ஆளு எடுத்தாவன்னா சொல்லு. எந்த மேசைன்னாலும் சரி. தூத்துப் பெருக்குற வேலைன்னாலும் சரி. ஒரு நாளு லீவு போட மாட்டேன்னு மேடத்துட்ட சொல்லு. இவியளுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். கார்டு மட்டும் இருந்தாப் போதும்."

மடிக்கிற மெஷின் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. தை மாதம் வந்து இறங்கும். மேடத்தின் மேசையில் புதுத் திட்டத்தைப் பார்த்திருந்தேன். இருக்கிற நாற்பதில் இன்னும் எத்தனை பேர் போக வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. புதிதாக ஆள் எடுக்கப்போவதில்லை என்ற வரியும் இருந்தது. எல்லாம் எனக்குத் தெரியும்.

"சொல்லுதேன்ட்டி" என்றேன். "எடுத்தா மொத ஆளு நீதான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. அவர் காதருகே குனிந்து, தேர்ச் சத்தத்துக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். "கேட்டியளா? எடுக்கும்போது மொத ஆளு நாந்தானாம். அவா சொல்லிட்டா." சர்க்கரை அவர் கண்ணையும் மங்கலாக்கியிருந்தது. நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு பலூன்காரனைப் பார்த்து அவர் கைகூப்பினார்.